எலும்புக்கும் உயிர் உண்டு: வன்கூட்டுத் தொகுதி பற்றி ஒரு பாடம்



மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் நாம் கூடும் இடமெல்லாம் பேசிக்கொள்கிறோம். குளம் எப்போது திறபடும், உரம் என்ன விலை, மாட்டுக்கு என்ன நோய் என்று ஒருவரையொருவர் கேட்டறிகிறோம். ஆனால் இத்தனை வேலைகளையும் செய்து முடிக்கின்ற உடலைப் பற்றி, அது நோகும் வரை நாம் நினைப்பதில்லை. அந்த உடலை நிமிர்த்தி வைத்திருக்கும் எலும்புகளைப் பற்றியதே இப்பாடம்.

தோப்பூர், மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்களுக்கு இடப்பெயர்வு புதிய சொல் அல்ல. 2006 ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஈச்சிலம்பற்று, வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்றன. மூதூரிலும் தோப்பூரிலும் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்குச் சென்றன. சம்பூர் மக்கள் பலர், தமது காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்படும் வரை, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்தனர். காணியையும் வீட்டையும் மாட்டையும் விதைநெல்லையும் விட்டுப்போன குடும்பம் தன்னோடு கொண்டுபோன முதல் ஒன்றுதான். அது உழைக்கும் உடல். திரும்பி வந்து பற்றை வெட்டி, வரம்பு கட்டி, கிணறு இறைத்ததும் அதே உடல்தான்.

காணி உறுதி தொலைந்தால் பிரதி எடுக்க ஒரு கந்தோர் உண்டு. வளரும் வயதில் உடலில் சேராமற்போன எலும்பைப் பின்னர் எடுத்துத்தர எந்தக் கந்தோரும் இல்லை. ஆகவே இந்த முதலைப் பற்றி அறிந்துகொள்வது நமக்கு மிகவும் அவசியமாகும்.

1. எலும்பு காய்ந்த தடியா?

எலும்பு என்றதும் வயலில் கிடக்கும் மாட்டெலும்புதான் பலரின் நினைவுக்கு வருகிறது. வெளுத்து, காய்ந்து, உயிரற்றுக் கிடப்பது அது. ஆனால் நம் உடலுக்குள் இருக்கும் எலும்பு அப்படிப்பட்டதன்று. அதற்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நரம்புகள் உள்ளன. உயிருள்ள கலங்கள் இரவும் பகலும் வேலை செய்கின்றன.

எலும்பு எதனால் ஆனது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோழிக்காலின் இரண்டு எலும்புகளைச் சதை இல்லாமல் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஒன்றை ஒரு போத்தலில் இட்டு, மூழ்கும்வரை வினாகிரி ஊற்றி, ஐந்தாறு நாட்கள் வையுங்கள். இடையில் ஒருமுறை வினாகிரியை மாற்றுங்கள். மற்ற எலும்பை அடுப்புத் தணலில் நன்றாக வெளுக்கும்வரை சுடுங்கள். வினாகிரியில் ஊறிய எலும்பு உடையாமல் வளையும். சுட்ட எலும்பு விரலால் அழுத்தியதும் நொறுங்கும்.

வினாகிரி, எலும்பிலிருந்த கல்சியம் முதலிய தாதுப்பொருட்களைக் கரைத்துவிட்டது. எஞ்சியது புரத நார். தீ, புரத நாரை எரித்துவிட்டது. எஞ்சியது தாதுப்பொருள். ஆகவே எலும்பின் கடினத்துக்குக் காரணம் தாதுப்பொருள். அது சட்டென உடையாதிருப்பதற்குக் காரணம் புரத நார். வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவரை எண்ணிப் பாருங்கள். வரிச்சு மட்டும் இருந்தால் சுவர் ஆடும். மண் மட்டும் இருந்தால் வெடித்து விழும். இரண்டும் சேர்ந்தால்தான் சுவர் நிற்கும். எலும்பும் அவ்வாறே. இதனால்தான் எலும்புக்குப் பாலும் மீனும் மட்டுமன்றிப் பருப்பும் முட்டையும் வேண்டும் என்கிறோம்.

எலும்பில் இரண்டு வகை வேலையாட்கள் உள்ளனர் எனலாம். ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. மற்ற வகைக் கலங்கள் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பழைய வரம்பைச் செதுக்கிப் புது மண் வைத்துக் கட்டுகிறோம் அல்லவா? அதுபோன்றதே இது. வளர்ந்த ஒருவரின் எலும்புகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. செதுக்குவது கூடிக் கட்டுவது குறைந்தால் வரம்பு மெலியும். எலும்புக்கும் அதே கதிதான்.

2. நம் உடலில் 206 எலும்புகள்

பாடசாலைப் புத்தகங்களில் எலும்பை என்பு என்றும், எலும்புகள் அனைத்தும் சேர்ந்த அமைப்பை வன்கூட்டுத் தொகுதி என்றும் எழுதுகிறார்கள். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள் உண்டு. வளர வளர அவற்றுட் சில ஒன்றோடொன்று இணைகின்றன. வளர்ந்தவரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் இருக்கும். அவற்றை இரண்டு பிரிவாகப் பார்க்கலாம்.

முதலாவது, உடலின் நடுவில் தூண்போல் நிற்கும் அச்சு வன்கூடு. இதில் 80 எலும்புகள். மண்டையோட்டிலும் முகத்திலும் 22. இரண்டு காதுகளுக்குள்ளும் மும்மூன்றாக 6. நாக்கின் அடியில் 1. முள்ளந்தண்டில் 26. விலா எலும்புகள் 12 சோடி, அதாவது 24. அவற்றை முன்னால் இணைக்கும் மார்புப்பட்டை 1.

இரண்டாவது, அந்தத் தூணில் பூட்டப்பட்ட கைகளும் கால்களும். இதில் 126 எலும்புகள். தோள்களில் காறை எலும்பும் தோட்பட்டையுமாக 4. ஒவ்வொரு கையிலும் 30. இடுப்பில் 2. ஒவ்வொரு காலிலும் 30.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரு கையில் 27 எலும்புகள். கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களையும் கூட்டினால் 106. உடலின் எலும்புகளிற் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலும்தான் இருக்கின்றன. நாற்றுப் பிடுங்கவும், வலை பின்னவும், பாய் இழைக்கவும், வழுக்கும் வரம்பில் விழாமல் நடக்கவும் இத்தனை சிறு எலும்புகள் வேண்டியிருக்கின்றன. மிகப் பெரிய எலும்பு தொடையெலும்பு. மிகச் சிறியது காதுக்குள் இருக்கும் ஏந்தியுரு. அது ஒரு நெல்மணியை விடவும் சிறியது.

முள்ளந்தண்டு ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்புக்கு மேல் 5 என முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, ஒன்றாக இணைந்த திருவெலும்பும் வாலெலும்பும் உள்ளன. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற வட்டத்தட்டுகள் இருக்கின்றன. இந்த அடுக்கின் நடுத்துளை வழியாக முண்ணாண் கீழே செல்கிறது. மூளைக்கும் கைகால்களுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் வழி அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நேரத்தில் இது உயிர் காக்கும் அறிவு.

3. மூட்டுகள்

எலும்புகள் சந்திக்கும் இடம் மூட்டு. மண்டையோட்டின் எலும்புகள் தையல் போட்டதுபோல் இறுகிப் பொருந்தியவை, அவை அசைவதில்லை. கைக்குழந்தையின் உச்சியில் தொட்டால் மெதுவாக இருக்கும் உச்சிக்குழி, அந்த எலும்புகள் இன்னும் பொருந்தாத இடம். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடும். வயிற்றோட்டத்தின்போது உச்சிக்குழி உள்வாங்கினால் குழந்தையின் உடலில் நீர் வற்றிவிட்டது என்பது பொருள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

முழங்காலும் முழங்கையும் கதவின் பிணைச்சல் போன்றவை. ஒரு திசையில் மடங்கி நிமிரும். தோளும் இடுப்பும் பந்தும் கிண்ணமும் போன்றவை. எல்லாத் திசையிலும் சுழலும். கழுத்தின் மேற்பகுதியில் முதல் முள்ளெலும்பு இரண்டாவதன் முளையைச் சுற்றித் திரும்புவதால் நாம் தலையை இடமும் வலமும் திருப்புகிறோம். அசையும் மூட்டுகளில் எலும்பின் முனையைக் கசியிழையம் என்னும் வழுவழுப்பான உறை மூடியிருக்கிறது. மூட்டுக்குள் எண்ணெய் போன்ற ஒரு திரவமும் உண்டு. கசியிழையத்துக்கு நேரடியாக இரத்தக் குழாய் இல்லை. அதனால் அது தேய்ந்தால் எலும்பைப்போல் எளிதில் திரும்ப வளர்வதில்லை. தொழுகையில் அமர்பவருக்கும், கோயிலில் முழந்தாளிடுபவருக்கும், நாளெல்லாம் குந்தியிருந்து களை பிடுங்குபவருக்கும் முழங்கால் ஒன்றுதான். அதற்கு இடையிடையே ஓய்வு கொடுப்பது சோம்பல் அன்று.

4. எலும்புகள் செய்யும் ஐந்து பணிகள்

தாங்குதல்: எலும்புகள் இல்லாவிட்டால் உடல் ஈரச் சாக்குப்போல் தரையில் குவிந்துவிடும்.

காத்தல்: மண்டையோடு மூளையையும், விலா எலும்புகள் இதயத்தையும் நுரையீரலையும், முள்ளந்தண்டு முண்ணாணையும் காக்கின்றன.

அசைத்தல்: தசைகள் எலும்பைப் பிடித்து இழுப்பதால் அசைவு உண்டாகிறது. தசைக்குத் தள்ளத் தெரியாது. இழுக்க மட்டுமே தெரியும். அதனால்தான் கையை மடக்க ஒரு தசையும் நீட்ட வேறொரு தசையும் உள்ளன.

இரத்தம் உண்டாக்குதல்: இடுப்பெலும்பு, மார்புப்பட்டை, விலா எலும்பு, முள்ளெலும்பு ஆகியவற்றின் உள்ளே செம்மச்சை இருக்கிறது. நம் இரத்தத்தின் செங்கலங்கள் அங்கேதான் பிறக்கின்றன. ஒரு செங்கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். இறந்தவற்றுக்கு ஈடாக ஒவ்வொரு வினாடியும் சுமார் 20 இலட்சம் புதிய செங்கலங்களை மச்சை அனுப்புகிறது. இதற்கு இரும்புச்சத்து வேண்டும். கீரையும் மீனும் உண்ணாத தாய் வெளிறிப் போவது இதனால்தான்.

சேமித்தல்: உடலிலுள்ள கல்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய சிறு பங்கு இரத்தத்திலும் தசைகளிலும் உள்ளது. அந்தச் சிறு பங்கு இல்லாவிட்டால் இதயம் ஒழுங்காகத் துடிக்காது. ஆகவே இரத்தத்தில் கல்சியம் குறையும்போது உடல் நம்மைக் கேளாமலே எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். வருமானம் இல்லாத வீட்டில் விதைநெல்லை எடுத்துச் சமைப்பதுபோன்றது இது. இன்றைய பசி தீரும். அடுத்த போகத்துக்கு விதை இராது.

5. எப்போது சேர்ப்பது, எதை உண்பது?

எலும்பில் சேர்க்கும் காலம் உண்டு. செலவழியும் காலமும் உண்டு. வளர்ந்தவர் ஒருவரின் எலும்பில் பெரும்பகுதி 20 வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ 30 வயது வரை மேலும் சிறிது சேரும். அதன்பின் சேர்த்ததைக் காப்பதே வேலை. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக மெலியும். வயதான தாய்மார் முற்றத்தில் வழுக்கி விழுந்ததும் இடுப்போ மணிக்கட்டோ முறிவது இதனால்தான்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். 2006 இல் ஐந்து வயதில் முகாமுக்குப் போன பிள்ளை, 2016 இல் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது பதினைந்து வயது. எலும்பு மிகுதியாகச் சேரவேண்டிய பத்து ஆண்டுகள் தகரக் கொட்டிலில் கழிந்தன. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்ற நிவாரணப் பங்கீடு பசியை ஆற்றியது. ஆனால் அதில் கல்சியம் மிகக் குறைவு. அந்தப் பிள்ளைகள் இன்று இருபதைக் கடந்தவர்கள். முப்பதை இன்னும் எட்டவில்லை. பலர் தாமே தாய் தந்தையர். அவர்களுக்குச் சேர்க்கும் காலம் இன்னும் முற்றாக முடியவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கோ அது இப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே நடந்ததை எண்ணிச் சோர்வதை விட, இருப்பதைப் பயன்படுத்துவதே வழி.

இதற்கு விலைகூடிய பால்மாப் பெட்டி தேவையில்லை. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியின் அதே அளவில் 30 மில்லிகிராம் கூட இல்லை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 1000 மில்லிகிராம். நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களை முள்ளோடு மென்று உண்டால் நல்ல கல்சியம் கிடைக்கும். கருவாடானால் உப்புப் போகக் கழுவிச் சமையுங்கள். எருமைத் தயிர், மோர், எள்ளு, முருங்கையிலை ஆகியவையும் சிறந்தவை. வீட்டு வேலியில் ஒரு முருங்கை நட்டால் ஆண்டு முழுவதும் இலை கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கு இது மேலும் முக்கியம். பிறக்கும் குழந்தை தன் எலும்புக்காகத் தாயிடமிருந்து ஏறத்தாழ 30 கிராம் கல்சியத்தை எடுத்துக்கொள்கிறது. கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரைகளை அலுமாரியில் வைத்துவிடாமல் ஒழுங்காக எடுக்கவேண்டும். மாத்திரை எடுத்தவுடன் தேநீர் குடிப்பதைத் தவிர்ப்பது நன்று.

உண்ட கல்சியம் உடலில் சேர விற்றமின் டி வேண்டும். அதை வெயில் பட்ட தோலே உண்டாக்கிக்கொள்ளும். அது போதாத குழந்தையின் கால்கள் வில்போல் வளையும். இதனை றிக்கெற்ஸ் என்பர். கைக்குழந்தையை நாளெல்லாம் கொட்டிலின் இருளில் வைத்திருக்கவேண்டாம். வெளியே உடலை மூடிச் செல்லும் பெண்கள், தம் வீட்டு வேலிக்குள்ளே முற்றத்தில் கையில் சிறிது வெயில் பட வேலை செய்யலாம்.

தண்ணீரையும் கவனிக்கவேண்டும். இலங்கையின் உலர் வலயத்தில், குறிப்பாக வட மத்திய மாகாணத்தில், சில கிணறுகளின் நீரில் புளோரைட்டு மிகுதியாக உள்ளது. உலக சுகாதார நிறுவனம் காட்டும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும்; மிக அதிகமானால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு போகாது. புதிய குழாய்க்கிணறு தோண்டும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைச் சோதிப்பிப்பது நல்லது.

6. சுமையும் முதுகும்

எலும்புக்கு வேலை வேண்டும். வேலையில்லாத எலும்பு மெலியும். எடையே தெரியாத விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரர்களுக்கு, மாதந்தோறும் இடுப்பெலும்பின் திண்மையில் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே உழைப்பு எலும்புக்குப் பகையன்று. தூக்கும் முறைதான் பகையாகிறது.

துலாக்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் நீண்ட பக்கத்தில் சிறு வாளி தொங்கினாலும், குட்டையான பக்கத்தில் பெரிய கல்லைக் கட்டவேண்டியிருக்கிறது. நம் இடுப்பும் அப்படித்தான். 20 கிலோ சுமையைக் கையை நீட்டி, முள்ளந்தண்டிலிருந்து 50 சென்ரிமீற்றர் முன்னே பிடிக்கிறோம் என்று வைப்போம். அதைத் தாங்கும் முதுகுத் தசை முள்ளந்தண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் பின்னே இருக்கிறது. தூரம் பத்து மடங்கு; ஆகவே தசை இழுக்கவேண்டிய பலமும் பத்து மடங்கு, அதாவது 200 கிலோவுக்குச் சமம். அந்த அழுத்தம் முழுவதும் கீழ் முதுகின் வட்டத்தட்டுகளில் விழுகிறது. அதே சுமையை உடலோடு அணைத்து 25 சென்ரிமீற்றரில் பிடித்தால் அது 100 கிலோவாகக் குறையும். சுமை மாறவில்லை, பிடித்த இடம்தான் மாறியது.

ஆகவே நெல் மூட்டையையோ உரப் பையையோ தூக்கும்போது காலை அகற்றி, முழங்காலை மடித்து, சுமையை வயிற்றோடு அணைத்துக் காலால் எழும்புங்கள். தூக்கியபடி இடுப்பை முறுக்காதீர்கள், பாதத்தோடு திரும்புங்கள். உரப் பை 50 கிலோ. இருவர் பிடித்தால் வெட்கம் ஒன்றுமில்லை. மண்வெட்டிப் பிடி குட்டையானால் குனிவு கூடும். ஆளின் உயரத்துக்கு ஏற்ற பிடியைப் போடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். 20 லீற்றர் கலனில் நிறைந்த தண்ணீர் 20 கிலோ. அது பத்து வயதுப் பிள்ளையின் சொந்த எடையில் பாதிக்கு மேல். பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்தட்டு என்னும் மெல்லிய பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அது சிதைந்தால் அந்தக் கை அல்லது கால் குட்டையாகலாம், கோணலாகலாம். பிள்ளைகளுக்குச் சிறிய கலன்களைக் கொடுங்கள். இரண்டு கைக்கும் சமமாகப் பிரித்துக் கொடுங்கள்.

7. எலும்பு முறிந்தால்

தென்னையிலிருந்து விழுதல், லாண்ட்மாஸ்ரர் கவிழ்தல், மோட்டார் சைக்கிள் விபத்து: நம் ஊர்களில் எலும்பு முறிவதற்கு இவையே வழமையான காரணங்கள். அப்போது அருகில் நிற்பவர் செய்வதும் செய்யாமல் விடுவதும் ஒருவரின் எஞ்சிய வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

உயரத்திலிருந்து விழுந்தவரை உட்காரவைக்காதீர்கள். கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். முள்ளெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு தூக்கலில் முண்ணாண் அறுந்து இரண்டு கால்களும் செயலிழக்கக்கூடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்; நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். காத்திருக்கவே முடியாத இடமானால், நாலைந்து பேர் சேர்ந்து தலை, உடல், கால் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, மரம் உருட்டுவதுபோல் உருட்டி, கதவு அல்லது பலகையில் ஏற்றுங்கள்.

கை அல்லது கால் முறிந்தால் இருக்கும் நிலையிலேயே அசையாமல் கட்டுங்கள். கமுகம் மட்டை, மூங்கிற் பத்தை, மடித்த காட்போட் எதுவும் உதவும். உள்ளே துணி வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் சேர்த்துக் கட்டவேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளவேண்டாம். எண்ணெய், மண், கோப்பித்தூள் பூசவேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உண்ணக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

முறிவு நெரிவு வைத்தியர்களை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறார்கள். ஆந்திர மாநிலத்தின் புத்தூர்க் கட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் மக்கள் செல்வதுண்டு. கைத்தேர்ச்சி மிக்க வைத்தியர்கள் இன்றும் உள்ளனர். ஆனால் 1895 இல் ஜேர்மன் அறிஞர் ரொண்ட்ஜென் எக்ஸ்றே கதிரைக் கண்டுபிடித்த பின், கைக்குத் தெரியாத முறிவும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே முதலில் எக்ஸ்றே எடுத்துப் பாருங்கள். திறந்த காயம், மூட்டில் முறிவு, பிள்ளைகளின் முறிவு, தொடை, இடுப்பு, முள்ளந்தண்டு முறிவு ஆகியவை வைத்தியசாலைக்கே உரியவை. யார் போட்ட கட்டாயினும் விரல்கள் நீலமானால், குளிர்ந்தால், விறைத்தால், வலி தாங்கமுடியாமற் கூடினால் விடியும்வரை காத்திராமல் உடனே அவிழ்ப்பிக்கவேண்டும். இறுகிய கட்டு சில மணித்தியாலங்களில் ஒரு கையையே கொன்றுவிடும்.

முறிந்த எலும்பு தன்னைத் தானே பொருத்திக்கொள்கிறது. முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று கிழமைகளில் மென்மையான இணைப்பு உண்டாகிறது. பின்னர் அது கடினமாகிறது. கையெலும்பு பொருந்த ஆறு முதல் எட்டுக் கிழமைகள், தொடையெலும்புக்கு மூன்று நான்கு மாதங்கள் செல்லலாம். பிள்ளைகளுக்கு விரைவில் பொருந்தும். கூலி போகிறதே என்று நாள் முடியுமுன் கட்டை அவிழ்ப்பவர் கோணல் எலும்போடு வாழ்நாள் முழுவதும் கூலியை இழக்கிறார். அந்தக் கிழமைகளில் அவரின் வயலை அயலவர் பார்த்துக்கொள்வதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. புகைத்தல் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும்.

8. காலை இழந்தோர்

போர் நம்மிடையே காலிழந்த பலரை விட்டுச் சென்றிருக்கிறது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. ஆனால் இழந்த கால் உடன்படிக்கையால் முளைப்பதில்லை.

இந்தியாவின் ஜெய்ப்பூரில், 1960 களின் இறுதியில், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் என்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர் பி. கே. சேத்தியும் சேர்ந்து ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்து வேண்டும். அதோடு குந்தியிருக்கவும் முடியாது. ஜெய்ப்பூர்ப் பாதம் இறப்பரால் ஆனது. அதை அணிந்தவர் வெறுங்காலுடன் நடக்கலாம், குந்தலாம், சேற்று வயலில் இறங்கலாம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் என்று மக்கள் சொல்லும் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் இத்தகைய கால்களைப் பெற்றிருக்கிறார்கள்.

செயற்கைக் கால் அணிந்தோர் அறியவேண்டியவை இரண்டு. நடவாத காலின் எலும்பு மெலிந்துபோகும். ஆகவே காலைப் பெட்டியில் வைக்காமல் நாள்தோறும் அணிந்து நடக்கவேண்டும். பிள்ளைகளுக்கு எஞ்சிய எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும்; ஆகவே வளர்ச்சிக்கேற்பக் காலை மாற்றவேண்டும். பொருந்தாத கால் புண்ணாக்கும். புண்ணானால் பிள்ளை நடப்பதை நிறுத்திவிடும்.

9. கூடிப் பேசுவதற்கு

இப்பாடத்தை மாதர் சங்கத்திலோ, கமக்காரர் அமைப்பிலோ, மரநிழலிலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். பின்வரும் கேள்விகளைக் கலந்து பேசுங்கள்.

(அ) நேற்று நம் வீட்டில் பிள்ளைகள் உண்டவற்றில் கல்சியம் தந்த உணவு எது? ஒன்றும் இல்லையெனில் நாளைக்கு எதைச் சேர்க்கலாம்?

(ஆ) நம் ஊரில் தண்ணீர் சுமப்பவர் யார்? எவ்வளவு தூரம், எத்தனை கிலோ? அந்தச் சுமையைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

(இ) இன்றிரவு ஒருவர் மரத்திலிருந்து விழுந்தால் பலகை எங்கே இருக்கிறது? யார் யார் தூக்குவது? தொலைபேசி யாரிடம் உண்டு?

(ஈ) கை அல்லது கால் முறிந்து படுத்திருக்கும் குடும்பத்தின் வயலை யார் பார்க்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பேச்சால் மட்டும் விடை சொல்லாதீர்கள். ஒருவரைத் தரையில் படுக்கவைத்து, நாலு பேர் சேர்ந்து பலகையில் ஏற்றிப் பாருங்கள். முதல்முறை தலை ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போகும். மூன்றாம் முறை சரிவரும். தேவைப்படும் நாளில் முதல்முறையே சரியாக வரவேண்டும் அல்லவா?